நெக்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள்

பழைய பேஸ் கிதார் ஒன்றை விலை பேச எடுத்துக்கொண்டு போனால், விவரம் தெரிந்த வியாபாரி அதை உடனே ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்துப் பார்ப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார். பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி நெக்கைத் தனியே பிரித்து, அதன் அடிக்கட்டையில் பென்சிலிலோ ரப்பர் முத்திரையிலோ தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு வால்யூம் திருகுமிழின் அடியில், டப்பாவின் முதுகில் அடித்திருக்கும் எண்ணைப் படிக்கிறார். 304-6234 என்று இருந்தால், 304 ஸ்டாக்போல் என்ற உதிரிபாக நிறுவனத்தின் குறியீடு, 62 ஆண்டு, 34 அந்த ஆண்டின் வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத்துச் சரக்கு. அடுத்து ஈயப்பற்று. தொழிற்சாலையில் வைத்ததுதானா, நடுவில் யாராவது சூடு காட்டியிருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துத் துருவுகிறார். கருவி எப்படி ஒலிக்கிறது என்ற கேள்வி வருவதற்கு வெகுநேரமாகும். சில சமயம் அது வராமலே வியாபாரம் முடிந்துவிடும்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் தொழிற்சாலை செய்த பேஸ் கிதார்கள் இன்று லட்சங்களில் விலை போகின்றன. போலிகளும் நடமாடுகின்றன. மேற்பூச்சைச் சுரண்டி மறுவண்ணம் பூசியிருந்தால் பாதி விலை போச்சு என்பது வியாபாரிகளின் வாய்க்கணக்கு. சந்தை கேட்பது ஒன்றைத்தான்: இதை யாரும் எதுவும் செய்துவிடவில்லையே? அறுபது ஆண்டுகளாகக் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் கிடந்த கருவிக்கே உச்ச விலை. வாங்கிய அன்று வாசித்து, மறுநாள் அலுத்துப்போய் ஓரமாக வைத்துவிட்ட யாரோ ஒருவருடைய சோம்பலுக்குக் கிடைக்கும் பரிசு என்றும் இதைச் சொல்லலாம். பேஸ் கிதார் என்றதும் கேட்கத் தெரிந்தவர்களின் நினைவுக்கு வரும் கருவிகளோ இந்தப் பரிசோதனையில் வரிசையாகத் தோற்றுப்போகின்றன.

இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கணக்கராக இருந்து, பின் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். பழுது பார்க்கிறவரின் மூளை. 1951இல் அவர் பிரசிஷன் பேஸை வெளியிட்டபோது எதிரே இருந்தது டபுள் பேஸ்: ஆள் உயரம், காரின் கூரையில் கட்டித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும், டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் சத்தம் வெளியே கேட்காது, விரல் ஒரு நூல் தள்ளினாலும் சுருதி தப்பும். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் பலகையாக்கினார். காந்தமும் செப்புச் சுருளும் சேர்ந்த பிக்கப்பை வைத்தார். வீணையின் மெட்டுகளைப் போல ஃப்ரெட்டுகள் பதித்துச் சுருதிக்கு உத்தரவாதம் தந்தார். பிரசிஷன் என்ற பெயரே அந்த ஃப்ரெட்டுகளுக்காகத்தான். சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே ஃப்ரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார், அது பரவவில்லை. ஃபெண்டர் தேர்ந்துகொண்ட 34 அங்குல தந்தி நீளம்தான் இன்றுவரை வழக்கமாக நிற்கிறது.

ஆனால் வாசிக்கத் தெரியாதவர் செய்த கருவி என்பதற்கு அதிலேயே ஒரு சாட்சி இருந்தது. பழைய ஃபெண்டர் பேஸ்களில் மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு சிறு கட்டை திருகப்பட்டிருக்கும். விரல்களை அதில் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டவேண்டும் என்பது தொழிற்சாலையின் எண்ணம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளாமல் கட்டைவிரலை மேலே ஊன்றி, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் வாசிக்கத் தொடங்கினார்கள். 1970களின் நடுவில் தொழிற்சாலையே பணிந்து, கட்டையை மறுபக்கத்துக்கு மாற்றியது. பிரிட்ஜையும் பிக்கப்பையும் மூடி வந்த குரோமிய மூடிகளை ஆயிரக்கணக்கானவர்கள் கழற்றி எறிந்தார்கள். இன்று அந்த மூடிகள் தனியாகவே விலை போகின்றன. அவை இல்லாத பேஸ் 'முழுமையற்றது'.

1965 ஜனவரியில் ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். சேகரிப்பாளர்களுக்கு அதுதான் கிறிஸ்து பிறந்த வருஷம். எல்லாக் காலமும் அதற்கு முன், அதற்குப் பின். கையெழுத்தான மறுநாளும் பிக்கப் சுற்றும் அதே பெண்கள் அதே மேசையில் உட்கார்ந்து அதே கம்பியைத்தான் சுற்றியிருப்பார்கள். தரம் பிற்பாடு சரிந்தது உண்மை; சரிவு ஒரே நாளில் வந்ததாக நினைப்பது விலைப்பட்டியல் போடுகிறவர்களின் வசதி. இதைவிட வேடிக்கை, ஃபெண்டரே இந்தப் பிரிவினைக்கு உடன்படவில்லை. அவர் பின்னாளில் தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்தின் கருவிகளே தன் வாழ்நாளில் செய்தவற்றில் சிறந்தவை என்று அவர் பெயராலேயே விளம்பரம் வந்தது. 1991இல் இறக்கும்வரை அவர் எதையாவது திருத்திக்கொண்டேதான் இருந்தார். அவருடைய பழைய வேலையை வணங்குகிறவர்கள் அவருடைய தீர்ப்பை மட்டும் ஏற்பதில்லை.

பழசுக்கு ஒரு அழகு உண்டு என்பதை மறுக்க என்னால் முடியாது. அந்தக் காலத்தில் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிய பூச்சு, சாகாது, மூப்படையும். வெள்ளை நெய் நிறமாகும், நீலம் பச்சையை நோக்கி நகரும். குளிரும் சூடும் சட்டென்று மாறும்போது, மரத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் பூச்சு மயிரிழைக் கோடுகளாக வெடிக்கும். முன்கை உராயும் இடத்தில் மரம் தெரியும். முதுகில் பெல்ட் பக்கிள் கொத்திய தழும்பு. பின்னாளில் வந்த பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி மாதிரி, ஐம்பது வருஷம் ஆனாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. ஓசை விஷயத்தில்தான் நான் கொஞ்சம் தயங்குவேன். மரம் உலர உலர நாதம் கூடுகிறது என்பார்கள், இருக்கலாம். மோசமாக அமைந்த கருவிகளை அறுபதாண்டுகளில் யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள், நல்லவையே மிஞ்சின என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மெல்லிய தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒலியைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துவிழும். நெக்கின் அதிர்வு அந்த ஸ்வரத்தைத் தின்றுவிடுகிறது. 1962ஆம் வருஷத்து மகத்தான பேஸிலும் அது உண்டு, போன மாதம் வந்ததிலும் உண்டு.

மரத்தில் இன்னொரு சாதிப்பிரிவு. 1960களின் நடுப்பகுதிவரை ஃபெண்டர் விரற்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. அது கிடைப்பது அருகியதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான். பிரேசில் மரத்துக்கு 1992 முதல் சர்வதேச வணிகத் தடை. பழைய பேஸோடு எல்லை தாண்டுகிறவர்கள் காகிதம் காட்ட வேண்டும். சேகரிப்பாளர் பட்டியலில் நம் ஈட்டி எப்போதும் ஒரு படி கீழே. வீட்டில் ஈட்டிக் கட்டில் வைத்திருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட தாத்தாக்களுக்கு இது தெரியாமலிருந்தது நல்லது.

என்னிடம் இருக்கும் பேஸ் இந்தப் பட்டியல்களில் எங்கோ ஓரத்தில் வரும். ஃபெண்டர் 1982இல் ஜப்பானில் கிளை தொடங்கி, மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென் ஆலையில் தன் பழைய மாதிரிகளைத் திரும்பச் செய்யவைத்தது; அந்த முதல் சில வருஷங்களின் வரவு. மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயத்திலும் ஆயுள் முழுக்க வாசித்த ஒரு பெரியவரிடம் வாங்கினேன். இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில், கப்பலில் வேலை பார்த்த உறவுக்காரர் மூலம் அது அவருக்கு வந்து சேர்ந்ததாம். விலை பேசி முடித்த பிறகு, "வாசிக்கலன்னா எனக்கே திருப்பிக் குடுத்துடு தம்பி, வேற யாருக்கும் வித்துடாதே" என்றார். பணத்தை எண்ணக்கூட இல்லை.

பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியில், அவருடைய கட்டைவிரல் ஊன்றிய இடம் குழிந்திருக்கிறது. ஃப்ரெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளங்கள். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஆழம், பன்னிரண்டுக்கு மேலே தொட்ட சுவடே இல்லை. எந்தச் சுருதிகளில் வாழ்ந்தார், பாடகர்கள் எதைக் கேட்டார்கள், எவ்வளவு அடக்கமாக இருந்தார் என்பதையெல்லாம் அந்தப் பள்ளங்களில் படித்துவிடலாம். ரிப்பேர் பார்ப்பவர், "இதுல சுருதி நிக்காது சார், ஃப்ரெட் மாத்தியே ஆகணும்" என்றார். மாற்றினால் 'ஒரிஜினல்' போய்விடும் என்று ஒரு நண்பர் பதறினார். இன்னொருவர் அது அவருடைய கையெழுத்து, அழிக்காதே என்றார். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. மாற்றிவிட்டேன். பழைய ஃப்ரெட்டுகளை ரிப்பேர்க்காரர் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொள்ளவில்லை. கட்டைவிரல் குழியை விட்டுவைத்திருக்கிறேன், என் விரலும் அங்கேதான் போய் உட்காருகிறது என்பதால்.

பேஸை யாரும் தனியாகக் கேட்பதில்லை. நின்றுபோனால்தான் தெரியும். தமிழ்நாட்டில் என் தலைமுறைக்கு அதைத் தனியே பிரித்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தது எண்பதுகளின் இளையராஜா. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு நடந்துபோகும். கேசட் உறையில் படம், நடிகர், பாடகர், பாடலாசிரியர் எல்லோரும் இருப்பார்கள். பேஸ் வாசித்தவர் பெயர் இருக்காது. டெட்ராய்ட்டிலும் அதேதான் வழக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பரிசோதனையில் தோற்றுப்போகும் கருவிகள் என்றேனே, முதலில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸுடையது. அவரிடம் இருந்தது ஃபெண்டரின் 1962ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ். சந்தைக் கணக்கில் தங்கம். அதன் ஃப்ரெட்டுகளை அவரே வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்தார் என்று ஒரு கதை, வாங்கும்போதே யாரோ அலங்கோலமாகப் பிடுங்கியிருந்தார்கள் என்று இன்னொரு கதை. எப்படியிருந்தாலும் காலியான காடிகளை மரப்பசையால் அடைத்து, விரற்பலகை மேல் படகுக்குப் பூசும் எபாக்ஸியை அடுக்கடுக்காகப் பூசினார். அவர் போட்ட தந்திகள் சுருள் வரிவரியாகத் துருத்திக்கொண்டிருப்பவை. வெறும் ரோஸ்வுட்டை அரம்போல் அராவிவிடும். எபாக்ஸி மரத்தைக் காப்பாற்றியது, கூடவே ஒலியையும் மாற்றியது. கண்ணாடிபோல் கெட்டியான பரப்பில் விரல் வழுக்கும்போது அந்த பேஸ் பாடியது. கமகத்துக்குப் பழகிய காதுக்கு 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் அந்நியமாகப் படாது என்று நினைக்கிறேன். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் அவர் குடியிருக்கிறார். லியோ ஃபெண்டர் எந்தச் சிக்கலைத் தீர்க்க ஃப்ரெட் வைத்தாரோ அந்தச் சிக்கலையே அவர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்காலத்தில் மனநோயும் குடியும் அவரை வீதிக்குக் கொண்டுவந்தன. அந்த பேஸைத் துண்டு துண்டாக உடைத்தார். பொறுமையான கைவினைஞர்கள் ஒட்டவைத்துக் கொடுத்தார்கள். 1986இல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் அது களவு போயிற்று. அடுத்த வருஷம் செப்டம்பரில், ஃபுளோரிடாவில் ஒரு இரவு விடுதி வாசலில் வாங்கிய அடியால் அவர் இறந்தார். வயது 35. இருபதாண்டு கழித்து பேஸ் நியூயார்க்கில் தலைகாட்டியது, வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள், மெட்டாலிக்கா இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் போட்டுக் குடும்பத்துக்கு உதவி அதை மீட்டார்.

இதற்கிடையே ஃபெண்டர் நிறுவனம் அதன் நகல்களை விற்கத் தொடங்கியிருந்தது. ஃப்ரெட் இல்லாமல், எபாக்ஸியோடு, முன்தகடு இல்லாமல், ஜாக்கோவின் முன்கை தேய்த்த இடம் தேய்ந்தே. புதுக் கருவியைப் பழசாக்கி விற்கும் கலைக்கு அந்த நிறுவனம் 1990களின் நடுவிலேயே கடை விரித்திருந்தது. சாவிக்கொத்தால் அடித்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, உலோகத்துக்குத் துரு ஏற்றி. சிலருக்கு இது அருவருப்பு. எனக்கு அவ்வளவு இல்லை. புதுக் கருவியைக் கீறிவிடுவோமோ என்ற பயமில்லாமல் ஒருவன் வாசிக்க முடியுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு முரணைக் கவனியுங்கள். யாரும் தொடாததற்கு ஒரு விலை, ஊரே தொட்டதுபோல் தோன்றுவதற்கு இன்னொரு விலை. உண்மையிலேயே ஒருவர் தொட்டு, தேய்த்து, ஃப்ரெட் மாற்றி, பிக்கப் மாற்றி, மறுவண்ணம் பூசி வாசித்த பெயரில்லாத பேஸ்தான் சந்தையில் மலிவு. வாசிக்க விரும்புகிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள், புத்திசாலிகள்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் முப்பது பவுண்டு அளவில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் வயலின் வடிவம். இடது கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது வாங்கியதற்கு ஒரு காரணம். 1972இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் நின்ற வேனிலிருந்து திருடு போய், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு வீட்டு மச்சிலிருந்து கிடைத்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. அதுவும் 'ஒரிஜினல்' அல்ல. அறுபதுகளிலேயே மறுவண்ணம் பூசி, இரண்டு பிக்கப்புகளையும் பிடிக்கப் புதிதாக ஒரு சட்டம் செய்து போட்டிருந்தார்கள். ஆலையிலிருந்து ஒன்றுபோல் வெளிவந்த நூற்றுக்கணக்கான ஹாஃப்னர்களில் இதுதான் அது என்று கண்டுகொள்ள அப்படிப்பட்ட மாற்றங்களே வழி. விலையைக் குறைப்பது எதுவோ அதுதான் ஒரு பேஸை இன்ன பேஸ் ஆக்குகிறது.

இனி ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் 1936இல் பிறந்து, 1954இல் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். டபுள் பேஸ் கற்றவர். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீட்டுக்குள் இயங்கிய மோட்டவுன் ஸ்டூடியோவில், 'பாம்புக் குழி' என்று வாசிப்பவர்களே பெயர் வைத்த அறையில், அறுபதுகளின் அமெரிக்காவை ஆடவைத்த பாடல்களுக்கு அடித்தளம் போட்டார். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அதற்குக் 'கொக்கி' என்று பெயர். அவ்வளவு நுட்பமான கோலங்கள் ஒற்றை விரலால் வந்தவை என்பதை இன்றைய மாணவர்கள் நம்பச் சிரமப்படுகிறார்கள். பாடல்கள் கோடிக்கணக்கில் விற்றன. உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான், ஒப்பற்றவர் என்ற அடைமொழியோடு, அச்சில் வந்தார்.

அவர் வாசித்தது 1962ஆம் வருஷத்துப் பிரசிஷன். அதற்கு முன் வைத்திருந்ததும் களவு போயிருந்தது. லா பெல்லா கம்பெனியின் தடித்த வழுவழுப்புத் தந்தி போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்றுவதில்லை. வியர்வையும் அழுக்கும் ஏறியதில்தான் சுகம் இருக்கிறது என்பது அவர் கட்சி. பிரிட்ஜ் மூடியை எல்லோரும் எறிந்தபோது அவர் எறியவில்லை. அதன் உட்புறத்து நுரைப்பஞ்சு தந்தியை அழுத்தி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளவிடாமல் டபுள் பேஸ் மாதிரி சுருக்கென்று முடித்துவைத்தது. தந்திகள் விரற்பலகையிலிருந்து அநியாயத்துக்கு உயரத்தில் நின்றன. மற்றவர்கள் எடுத்துப் பார்த்து, இதை வாசிக்க முடியாது என்று வைத்துவிடுவார்கள். நெக்கின் அடிப்பகுதியில் 'ஃபங்க்' என்று எழுத்துகளைக் கீறிவைத்திருந்தார். நல்ல நிலையில் உள்ள கருவி என்று எந்த மதிப்பீட்டாளரும் எழுதித் தரமாட்டார்.

மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். அங்கே காலம் வேறாக இருந்தது. பளபளவென்று நீளமாக ஒலிக்கும் புதுத் தந்தி வேண்டும் என்றார்கள், அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அழைப்புகள் குறைந்தன, குடி கூடியது. 1983 மார்ச்சில் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது அவருக்கு அழைப்பில்லை. டிக்கெட் வாங்கி மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். அந்த ஆகஸ்ட் 2ஆம் தேதி இறந்தார், வயது 47. அதற்குச் சில நாட்கள் முன்புதான் அந்த பேஸ் திருடு போயிருந்தது.

அது இன்னும் கிடைக்கவில்லை. ஜாக்கோவுடையதும் மெக்கார்ட்னியுடையதும் திரும்பி வந்த பிறகு ஜேமர்சனுடையதும் வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை குறைவு. எடுத்தவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடகுக்கடையிலோ தெருவிலோ சொற்பத் தொகைக்குக் கைமாறியிருக்கும். வாங்கியவர் ஓரளவு விவரமானவராக இருந்தால் எல்லோரும் செய்வதைச் செய்திருப்பார்: செத்துப்போன தந்திகளைக் கழற்றி எறிந்து புதுசு போட்டிருப்பார், உயரத்தைத் தாழ்த்தியிருப்பார், மட்கிய நுரைப்பஞ்சைச் சுரண்டியிருப்பார், யாரோ கிறுக்கியதை நிரப்பித் தேய்த்து மேலே பூச்சு கொடுத்திருப்பார். அத்தனையும் செய்தால் மிஞ்சுவது நன்றாக வாசிக்க வரும் ஒரு பிரசிஷன் பேஸ், அந்த வருஷத்து மற்ற பிரசிஷன்களைப் போல. கலிஃபோர்னியாவில் ஏதோ ஒரு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பையன் அதில் இரண்டு விரலால் வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வெளிச்சம் போட்டு நிற்பதைவிட அது மேல். தந்தி மட்டும் கொஞ்சம் தடிமனாகப் போட்டிருந்தால் தேவலை.